வளையத்தடியை விட்டு வந்தவர்

எங்கள் கூடைப்பந்து கிளப்பில் ஆறடி ஐந்தங்குலம் வளர்ந்தவன் செங்கோடன். வளர்ந்த குற்றத்துக்காகக் கோச் குப்பண்ணன் அவனை எப்போதும் வளையத்துக்கு அடியிலேயே நிறுத்திவைத்தார். ஒரு வருஷமாக அவன் தூரத்திலிருந்து பந்து போடப் பழகுவது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நெட்டையனுக்கு எதுக்குடா தூரத்து ஷாட்? மாநிலத்துக்கே ஆடுனவன் சொல்றேன். பத்துக்குப் பத்து போடு. ஒண்ணு தவறினாலும் டீம்ல இடமில்லை."

"பத்துக்குப் பத்து யாராலயும் ஆகாதுங்க சார். நானும் நம்ம குட்டை மாரப்பனும் ஆடறோம், நீங்களே தடுங்க. என் ஷாட்டு ஒண்ணுக்கும் ஆகாதுன்னா நீங்க வளையத்தடியை விட்டு நகரவே வேண்டாமுங்களே. நகராம நின்னுட்டீங்கன்னா நானே விலகிக்கிறேனுங்க."

"இவ்வளவுதானா?" என்று வளையத்தடியில் இடுப்பில் கைவைத்து நின்றார் கோச்.

செங்கோடன் தூரத்திலிருந்து எறிந்த முதல் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவர் கொஞ்சம் உரக்கச் சிரித்தார். இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. நான்காவதற்குச் செங்கோடன் பந்தை உயர்த்தியதுமே, கோச் கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வந்தார். அவன் எறியவில்லை. பந்தை வளையத்தருகே நின்ற மாரப்பனிடம் தள்ளினான். ஆளில்லாத வளையத்தில் அந்தக் குள்ளன் நிதானமாகப் போட்டுவிட்டு வந்தான்.

"எல்லாமே விழணும்னு இல்லைங்க சார். உங்களை வெளிய கூட்டியார்ற அளவுக்கு விழுந்தாப் போதுமுங்க."

கோச் தான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"உன் பேரு லிஸ்டுல இருக்குடா" என்று பந்தை வாங்கினார். "என்னையும் இருபது வருஷம் அடியிலயேதான் நிக்க வெச்சாங்க."

அங்கிருந்தே எறிந்தார். பந்து வளையத்தைத் தொடக்கூட இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

"முழங்கையை உள்ள வைங்க சார்" என்றான் செங்கோடன்.