நீலக் கோடு

“வண்டிக்கு டர்போ பூஸ்ட் ஏத்திக் குடுன்னு கேட்டு வந்தேன் அம்மணி. நீ கையில கண்ணாடிக் குழாயைக் குடுக்கறே.”

கேட்டவர் சிவசண்முகம். வயது ஐம்பத்து நாலு. கோவையில் இரும்பு வார்ப்பாலை நடத்துகிறார். நூற்று நாற்பது பேர் அவர் பேச்சைக் கேட்டு வேலை பார்க்கிறார்கள்.

எதிரில் நின்ற பெனாசிருக்கு முப்பத்தொன்று. சிங்காநல்லூரில் ஒரு ஷெட் வைத்திருந்தாள். டர்போ வண்டியின் கணினியைத் திறந்து வேகம் கூட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று கார் கிளப்பில் பேச்சு.

தனித்தனியாக ஒரே ஒரு சுற்று ஓட்டி நேரம் பார்க்கும் கிளப் போட்டியில் மூன்று வருடமாக சிவசண்முகம் இரண்டாவது. முதலிடம் கண் டாக்டர் ராஜநாயகத்துக்கு. டாக்டர் இந்த வருடம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு மாறினார் என்று கேள்விப்பட்டு இவரும் மாறினார். பெரிய பம்பும் பெட்ரோல் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்களும் பெனாசிரே பொருத்தினாள். டர்போவின் அழுத்தத்தை மட்டும் ஏற்றவில்லை.

“எத்தனால் நிறைய இருந்தா என்ஜின் சூடு தாங்கும், அழுத்தத்தை ஏத்தலாம்,” என்றாள். “குறைஞ்சா அதே அழுத்தத்துல பிஸ்டன் ஓட்டையாயிடும்.”

“கிளப் பீப்பாய்ல எண்பத்தஞ்சு சதவீதம் எத்தனால்னு எழுதியிருக்கே.”

சதவீதக் கோடுகள் போட்ட அந்தக் குழாயை அவள் திரும்ப வாங்கினாள். குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டு நீல மை விட்டாள். அதன் மேல் அவர் வண்டியின் பெட்ரோலை ஊற்றி, மூடி, குலுக்கி, மேசையில் நிறுத்தினாள்.

எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்தது. சேரச் சேர நீலம் மேலே ஏறியது.

எழுபத்தொன்றில் நின்றது.

“பன்னெண்டு தடவை பெட்ரோல் போடுங்க. பன்னெண்டு தடவையும் இதைச் செஞ்சு பார்த்து எழுதிட்டு வாங்க. அப்புறம் லேப்டாப்பைத் திறக்கறேன்.”

அவர் முகம் சுண்டிப் போனது. ஆனாலும் குழாயை வாங்கிக்கொண்டார்.

எழுபத்தெட்டு வந்தது. எண்பத்து மூன்று வந்தது. அறுபத்தாறு வந்தது.

ஐந்தாவது முறை மழை. ஆலையில் அவசர வேலை. குழாயைக் கையில் எடுக்காமலே எண்பத்திரண்டு என்று எழுதினார். மாலையில் ஷெட்டுக்குப் போய்த் தாளை நீட்டினார்.

பெனாசிர் படித்தாள். குழாயை எடுத்துக்கொண்டு அவர் வண்டியிடம் போனாள். குலுக்கி வந்து அவர் முன் வைத்தாள்.

அறுபத்து மூன்று.

தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் வண்டிக்குள் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பக் கை வரவில்லை. போன மாதம்தான் உலையின் சூட்டைப் பார்க்காமலே நோட்டில் எழுதினான் என்று பழனியப்பனை வேலையை விட்டு அனுப்பியிருந்தார். பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவன். பேச வந்தவனை உள்ளேயே விடவில்லை.

மறுநாள் காலை பழனியப்பனுக்கு அவரே போன் செய்து மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். பிறகு ஷெட்டுக்குப் போனார்.

“ஒண்ணுல இருந்து மறுபடி ஆரம்பிக்கறேன்,” என்றார்.

அவள் தலையாட்டினாள்.

இந்த முறை அவருக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. பெட்ரோல் போட்டதும் ஓரமாக நிறுத்திக் குலுக்குவார். நீலம் நிற்கும்வரை காத்திருப்பார். ஏழெட்டு முறைக்குள், காலையில் வண்டி கிளம்பத் திணறுவதை வைத்தே எத்தனால் கூடியிருப்பதைச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டும் குலுக்கிப் பார்ப்பார்.

பன்னிரண்டாவது எண்ணை எழுதிக்கொண்டு போன அன்று பெனாசிர் லேப்டாப்பைத் திறந்தாள். அரை நாள் வேலை செய்தாள். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குமிழ் வைத்தாள். வலப்பக்கம் திருப்பினால் எத்தனால் நிறைந்த பெட்ரோலுக்கு, முழு அழுத்தம். இடப்பக்கம் குறைந்ததற்கு, குறைந்த அழுத்தம். எழுபத்தைந்துக்குக் கீழே இருந்தால் இடப்பக்கம் என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

பைபாஸில் முழு அழுத்தத்தில் ஒரு முறை மிதித்தார். தனியாகச் சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

போட்டி நாளில் கிளப் புதுப் பீப்பாய் இறக்கியிருந்தது. எல்லா வண்டிக்கும் அதுதான். டாக்டர் வண்டி சீறிக்கொண்டு போய்ச் சுற்றி வந்தது. அடுத்தது சிவசண்முகம். தரையில் குத்துக்காலிட்டுக் குழாயைக் குலுக்கினார். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

ஐம்பத்தெட்டு.

கொட்டிவிட்டு மறுபடி நிரப்பிக் குலுக்கினார். ஐம்பத்தெட்டுதான்.

உள்ளே ஏறி உட்கார்ந்து குமிழைப் பிடித்தார். மூன்று வருடம். கொடிக்காரர் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

குமிழை இடப்பக்கம் திருப்பினார்.

மூன்றாவதாக வந்தார்.

வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. பசிதான் வந்தது. வெளியே பேக்கரியில் பன் பட்டர் ஜாம் இரண்டு வாங்கி, ஒன்றைப் போட்டி பார்க்க வந்திருந்த பெனாசிரிடம் கொடுத்துவிட்டு வண்டியில் சாய்ந்து நின்று தின்றார்.

“ஒண்ணு கேக்கணும் அம்மணி. டாக்டர் வண்டில ஒரு சென்சார் இருக்காம். எத்தனால் எவ்வளவுன்னு அதுவே பார்த்து அதுவே மாத்திக்குமாம். எனக்கும் ஒண்ணு மாட்டியிருந்தா இந்தக் குழாய் எதுக்கு?”

“மாட்டியிருக்குங்ணா. முதல் நாளே.”

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

அவள் பானெட்டைத் தூக்கினாள். பெட்ரோல் குழாயின் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதற்குப் போகும் ஒயர் கழற்றப்பட்டு, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

“இதை எப்போ கழட்டினே?”

“பன்னெண்டாவதை எழுதிட்டு வந்தீங்களே, அன்னிக்கு. அது வரைக்கும் இதுதான் பார்த்துக்கிட்டிருந்துச்சு.”

அவர் குனிந்து பார்த்தார். டேப்பின் ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்தது.

கட்டை விரலால் அதை அழுத்தி ஒட்டிவிட்டு, பானெட்டை மூடினார்.