முள்ளாச்சியின் கடைசி அத்தியாயம்

ஒரு காட்டில், குழந்தைகளே, முள்ளாச்சி என்றொரு வயதான முள்ளம்பன்றி இருந்தது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, ஆளுக்கொரு வளையும் தோண்டிக் கொடுத்த பிறகு, அதற்குத் திடீரென்று நாவல் எழுதும் ஆசை வந்துவிட்டது.

முதுகிலிருந்து உதிர்ந்த முள்தான் பேனா. தேக்கிலைதான் தாள். கீறினால் சிவப்பாக எழுத்து விழும். ஆச்சி என்ன செய்தது தெரியுமா? முதல் வரி எழுதுவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுப் பழகியது! அதற்கே ஒரு மரத்து இலை தீர்ந்துபோயிற்று.

"இந்த வயதில் இதெல்லாம் உங்களுக்குத் தேவையா ஆச்சி?" என்று பக்கத்து வளைக் கீரி கேட்டது.

"இந்த வயதில்தானே முள் நிறைய உதிர்கிறது!" என்றது ஆச்சி.

மழை வந்தது, வெயில் வந்தது, மறுபடி மழை வந்தது. ஒருவழியாக நாவல் முடிந்தது. ஒரு முள்ளம்பன்றியும் ஒரு முயலும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்த கதை. ஆனால் கிட்டே போனால் முள் குத்துமே! பாவம், காலமெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றே பேசிக்கொண்டார்கள். கடைசியில் என்ன ஆயிற்று என்பது கடைசி அத்தியாயத்தில் இருந்தது.

அந்தக் காட்டில் கதைகளை வெளியிடுவது நரி. நரி சரி என்று சொன்ன கதையை மட்டும்தான் குளக்கரையில் எல்லோர் முன்னும் வாசிப்பார்கள். தன் கதையையும் ஒருநாள் அங்கே வாசிக்க வேண்டும், எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆச்சிக்கு ஒரே ஏக்கம்.

இலைகளை அடுக்கி, கொடியால் கட்டி, முடிச்சில் ஒரு முள்ளையும் செருகி, நரியிடம் கொடுத்தது.

சில நாள் கழித்து நரி இலைக்கட்டைத் திருப்பித் தந்தது. "ஒரு வரி விடாமல் படித்தேன் ஆச்சி. எல்லாம் நன்றாக இருக்கிறது. முடிவுதான் சப்பென்று இருக்கிறது. ஒரு புலிச் சண்டை வையுங்களேன்!"

ஆச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணீரோடு கட்டை அவிழ்த்தது. பழைய முடிவை எறிய மனம் வராமல் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, கதைக்குள் ஒரு புலியை வரவழைத்தது. முயல் தாவிப் போய்ப் புலியின் மீசையைப் பிடித்து இழுத்தது. எழுதும்போது ஆச்சிக்கே வெட்கமாக இருந்தது. முன்போலவே கட்டி, முடிச்சில் முள்ளைச் செருகி, நரியிடம் கொடுத்தது.

நரி மறுபடியும் கட்டைத் திருப்பித் தந்தது. "படித்தேன், படித்தேன். முடிவு இன்னும் சப்பென்றுதான் இருக்கிறது. ஒரு வெள்ளம் வரட்டுமே?"

ஆச்சி வளைக்கு வந்து கட்டை அவிழ்க்கப் போனது. அட! முடிச்சில் செருகிய முள், செருகியது செருகியபடியே இருந்தது. கட்டை யாரும் அவிழ்க்கவே இல்லை.

"அடப் பாவி!" ஆச்சியின் முதுகில் மிச்சமிருந்த முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. புலிச் சண்டை இலைகளை உருவி எறிந்தது. பழைய முடிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. முடிவே இல்லாத கதையைக் கட்டி, நரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தது.

"முடிவை நன்றாகப் பாருங்கள் தம்பி. பதிலைக் குளக்கரையில் எல்லோர் முன்னும் சொல்லிவிடுங்கள்."

அன்று சாயங்காலம் குளக்கரையில் நல்ல கூட்டம். நரி தொண்டையைச் செருமிக்கொண்டது. "ஆச்சியின் நாவலைப் பசியை மறந்து படித்தேன். என்ன செய்ய? முடிவு இன்னும் சப்பென்றுதான் இருக்கிறது."

"எந்த முடிவு தம்பி?"

"இந்தக் கட்டில் இருக்கிற முடிவுதான்!"

"அதில் முடிவே இல்லையே. அது இதோ என் கையில் அல்லவா இருக்கிறது!"

கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நரி குளத்தில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டது.

"அது கிடக்கட்டும். நீங்கள் முதலிலிருந்து வாசியுங்கள் ஆச்சி, கேட்கலாம்" என்றது கரடி.

ஆச்சி கட்டை வாங்கி அவிழ்த்து வாசிக்கத் தொடங்கியது. கடைசி அத்தியாயம் வந்தது. முள்ளெல்லாம் உதிர்ந்து மொட்டையாகிப்போன முள்ளம்பன்றி, ஓடையைக் கடந்து போய்க் கிழட்டு முயலின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தது. முயல் அதன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. அவ்வளவுதான் கதை.

கரடி ஓவென்று அழுதது. கீரி கண்ணைத் துடைத்துக்கொண்டது. நரிகூட மூக்கை உறிஞ்சியது.

"பார்த்தீர்களா! நான் மாற்றச் சொன்னதால்தானே முடிவு இவ்வளவு அருமையாக வந்திருக்கிறது? இதை நானே வெளியிடுகிறேன்!" என்றது நரி.

"தம்பி, இது நான் முதன்முதலில் எழுதிய முடிவு. சப்பென்று இருக்கிறது என்றீர்களே, அதேதான்" என்றது ஆச்சி.

சொல்லிவிட்டு ஒரு தேக்கிலையை எடுத்து, பழகி வைத்திருந்த கையெழுத்தை அழகாகப் போட்டு, ரசிகருக்குத் தருவதுபோல் நரியிடம் நீட்டியது.

நீதி: படித்துவிட்டுக் குறை சொல்பவருக்குக் காது கொடு, படிக்காமல் குறை சொல்பவருக்காக உன் கதையை மாற்றாதே.