பனி ரோட்டுக்கு எந்த டயர்?

இமயமலைச் சரிவில், தேவதாரு மரங்களுக்கு நடுவே ஒரு சிறிய ஆசிரமம். ஏழெட்டுப் பேர்தான் அங்கே இருந்தார்கள். நடத்திவந்தவர் மரகதம்மா. சீடர்களில் மூத்தவர் நம்புராஜன். குருவைவிடவே பதினைந்து வயது பெரியவர். ஆகவே குரு அவரை "அண்ணே" என்பார். அவர் குருவை "அம்மா" என்பார். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

நம்புராஜன் ராமேஸ்வரத்துக்காரர். தனுஷ்கோடிக்கு ரோடு வராத காலத்தில், கடலோர மணலில் முப்பது வருடம் வேன் ஓட்டியவர். இப்போது ஆசிரமத்து ஜீப் அவர் கையில். ஆஸ்பத்திரி பதினான்கு கிலோமீட்டர் கீழே இருந்தது. சுற்றுவட்டாரத்தில் யாருக்கு முடியாமல் போனாலும் அந்த ஜீப்தான் இறங்கவேண்டும்.

முதல் பனி விழுந்த அன்று, பக்கத்து வீட்டுக் கமலாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். அவளுக்கு எட்டாம் மாதம். ரோட்டில் பனியைக் கண்டதும் நம்புராஜன் இறங்கி, நான்கு சக்கரங்களிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டார். மணலில் இறங்குமுன் அப்படித்தான் செய்து பழக்கம்.

மூன்றாவது வளைவில் ஜீப் சறுக்கியது. பிரேக்குக்குக் கட்டுப்படவில்லை. ஓரத்துக் கைப்பிடிச் சுவரில் உரசி நின்றது. கமலா வீடு திரும்பும்வரை வயிற்றின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

நம்புராஜனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் குருவிடம் வந்தார். மரகதம்மா அடுப்படி வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, டயர் மாத்தணும். கடையில ரெண்டு அளவு இருக்கு. ரெண்டுமே பனிக்கால டயர்தான், ரெண்டுமே நம்ம ஜீப்புக்குச் சேரும். ஒண்ணு அகலம் இருநூத்தி முப்பத்தஞ்சு மில்லிமீட்டர், இன்னொண்ணு இருநூத்தி அஞ்சு. நான் அகலமானதைச் சொல்லிர்றேன்."

"சொல்லிர்றேன்னா எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

நம்புராஜன் தலையைச் சொறிந்தார். "கமலாவுக்கு வலி எடுத்தா நான்தான் இறக்கிட்டுப் போகணும். மறுபடியும் தப்பாயிருமோன்னு பயமா இருக்கு."

"அகலமானது எதுக்கு?"

"அன்னைக்குக் காத்தைப் பிடுங்கினதே சக்கரம் நல்லாப் பரவட்டும்னுதான். அது பத்தலை. பாதம் பெரிசா இருந்தா உள்ள அமுங்காதும்மா. மேலேயே நிக்கும்."

"எனக்கு டயரைப் பத்தி ஒண்ணும் தெரியாது," என்றார் மரகதம்மா. "கதவோரம் கிடக்குற அந்தச் செங்கல்லை எடுங்க."

அடுப்படி வாசலிலிருந்து மாட்டுக்கொட்டகை வரை கல் பாவிய சரிவுப் பாதை. இரவு பெய்த பனி அதை மூடியிருந்தது.

"அதுமேல படுக்க வைங்க. வெச்சுட்டுக் காலால தள்ளுங்க."

செங்கல் பனியின்மேல் பலகைபோலப் படுத்தது. லேசாகத் தள்ளியதும் சரசரவென்று வழுக்கிப்போய்க் கொட்டகைச் சுவரில் முட்டியது.

"நல்லாத்தான் ஓடுது," என்றார் மரகதம்மா. "சுவர் இருக்கிறவரைக்கும் கவலையில்லை."

நம்புராஜன் போய் அதை எடுத்துவந்தார்.

"இப்போ ஒடுங்கின பக்கம் கீழே இருக்கிற மாதிரி வைங்க."

வைத்தார். செங்கல் தன் கனத்திலேயே பனிக்குள் இறங்கியது. கீழே கல்லில் தட்டும் சத்தம் கேட்டது.

"தள்ளுங்க."

தள்ளினார். நகரவில்லை. கொஞ்சம் பலமாகத் தள்ளினார். கால் கட்டைவிரல்தான் வலித்தது.

"அதே செங்கல்தானே?" என்று கேட்டார் மரகதம்மா.

"அதே செங்கல்தாம்மா."

"அப்போ கடைக்குப் போயிட்டு வாங்க. காத்தையும் முழுசா அடிச்சுக்கோங்க."

கடைக்காரர் சிரித்தார். எல்லாரும் அகலமானதைத்தான் கேட்கிறார்கள், பார்வைக்கும் அதுதான் எடுப்பு என்றார். நம்புராஜன் ஒடுங்கியதையே மாட்டிக்கொண்டு வந்தார்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு நண்பகலில் கமலாவுக்கு வலி எடுத்தது. காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நம்புராஜன் ஜீப்பை ஆமைபோல இறக்கினார். பின்சீட்டில் கமலா பல்லைக் கடித்துக்கொண்டு, வேகமாகப் போகச் சொன்னாள். இவர், "மெதுவாத்தான் போவேன், தாயி. கோவிச்சுக்காதே," என்றார். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்தி அரைகுறை. இருவருக்கும் விளங்கிற்று.

மூன்றாவது வளைவு வந்தது. நம்புராஜன் பிரேக்கைத் தொட்டார். சக்கரங்கள் பனியைப் பிளந்துகொண்டு இறங்கி, அடியில் கிடந்த சரளையை அரைக்கும் சத்தம் கேட்டது. ஜீப் சொன்ன இடத்தில் நின்றது. பிறகு வளைவில் திரும்பியது.

மறுநாள் அவர் மலையேறி வந்தபோது மரகதம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன குழந்தை?"

"பொண்ணு. ரெண்டு பேரும் சுகம்."

"அப்புறம் ஏன் முகம் இப்படித் தொங்குது?"

நம்புராஜன் ஜீப்பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷம் நான் ஓட்டினதெல்லாம் தப்புத்தானாம்மா?"

"உங்க வேன் எப்பவாவது மணல்ல புதைஞ்சுதா?"

"ஒரு தடவைகூட இல்லை. மத்த வேன் புதைஞ்சா என்னைத்தான் கூப்பிடுவாங்க."

"அந்த மணலைத் தோண்டினா என்ன வரும்?"

"மணல்தான். இன்னும் தோண்டினா தண்ணி."

"கெட்டித் தரை?"

"அங்கே ஏதும்மா கெட்டித் தரை? சக்கரம் இறங்கிச்சுன்னா அவ்வளவுதான். அதனாலதானே மேலேயே ஓட்டப் பழகினது."

மரகதம்மா குனிந்து, வாசல் பனிக்குள் கையை நுழைத்தார். விரல்கள் மறைந்ததும் கை தரையில் தட்டி நின்றுவிட்டது.

"இங்கே இறங்கலாம், அண்ணே. நாலு விரல் கீழே ரோடு இருக்கு."