தூணில் ஒட்டிய முகம்

எண்ணிக்கைகளை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள், முடிவில் வேண்டியிருக்கும்.

பிளஸ் டூ படிக்கும் இந்துமதியின் போனில் அவள் படங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் ஃபில்டர் போட்டவை. நிறம் வெளுத்திருக்கும், தாடை கூர்ந்திருக்கும், மேலுதட்டு மச்சம் இருக்காது. உள்ளபடியான படம் ஒன்றே ஒன்று. அண்ணன் கதிரேசன் எடுத்தது. தோழி மரியசெல்விக்கு அதை அவளே அனுப்பியிருந்தாள். யாருக்கும் காட்டக் கூடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்கினாள். மரியசெல்வியிடம் மட்டும், "அழிச்சிராதட்டி" என்றாள்.

ஒரு திங்கட்கிழமை வகுப்புக் குழுவில் யாரோ பள்ளியில் அவளை எடுத்த படத்தைப் போட, மச்சத்தை வைத்து இருபத்தேழு கேலிகள் வந்தன. மறுநாள் காலை ஏழரை மணிக்கு இந்துமதி போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எங்கோ போய்விட்டாள்; பள்ளிக்கும் வரவில்லை.

கதிரேசன் 'காணவில்லை' என்று எழுதி ஃபில்டர் படத்தைப் பதினொரு நகல் எடுத்து, அவளை நேரில் பார்த்திராத நண்பர்களைக் கொண்டு கோவில்பட்டி முழுக்க ஒட்டவைத்தான்.

"அண்ணே, இது அவ இல்லையே" என்றாள் மரியசெல்வி.

"மத்ததை ஒட்டினா, திரும்பி வந்தாலும் வெளியில தலைகாட்ட மாட்டா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

மதியம் இரண்டு மணிக்கு மரியசெல்வி பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். பதினோராவது நகல் அங்கே ஒரு தூணில் சிரித்துக்கொண்டிருந்தது. இந்துவை விழுங்கிவிட்டு வேறு எவளோ சிரிப்பதுபோல் அவளுக்குப் பட்டது.

"பத்து மணியிலேர்ந்து நாப்பது பேராவது பாத்துட்டாங்க பாப்பா. இப்படி ஒரு பிள்ளை இங்க வரல" என்றார் டைம் கீப்பர்.

மரியசெல்வி தன் போனில் இருந்த அந்த உள்ளபடியான படத்தை எடுத்து நீட்டினாள். அவர் சிரிக்கவில்லை.

"இந்தப் பிள்ளையா? அதே தூணுக்கு அந்தப் பக்கம்தான் ஆறு மணி நேரமா சாஞ்சு உக்காந்திருக்கு."

இந்துமதி கேட்டது ஒன்றுதான். "அந்தப் படத்தையா காட்டினே?"

"ஆமாட்டி."

அண்ணன் வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஒன்பது நாள் தோழியோடு பேச்சில்லை.

சத்தியத்தைக் காத்தவன் கதிரேசன், மீறியவள் மரியசெல்வி. இந்துமதிக்கு உண்மையாக நடந்துகொண்டவர் யார்?

விடை: மரியசெல்வி. முகத்தை மறைக்க மட்டும் நினைப்பவள் படத்தை அழிக்கத்தான் சொல்வாள். இவள் அழிக்காதே என்றாள். தன் முகம் ஒருத்தியிடமாவது பத்திரமாக இருக்க வேண்டும் என்பதே அவள் உள்மனம் கேட்டது. நாற்பது பேர் பார்த்த படம் அவளைக் கண்டுபிடித்துத் தரவில்லை. ஒருவர் பார்த்த படம் மீட்டுத் தந்தது. பத்தாம் நாள் மரியசெல்விக்கு இந்துமதியிடமிருந்து ஒரு வரி வந்தது: "ஏட்டி, அந்தப் படம் இன்னும் உன்கிட்ட இருக்கா?"