சத்திரத்து நெய்யும் ஏகாம்பரரின் ஆசாரமும்

பூவரச நாட்டை ஆண்ட திருமேனி பூபதி தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை. கடைசியாக யார் வந்து காதில் ஓதினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்கு வேதம். அந்த வருஷம் கடைசியாக ஓதியவர் ஏகாம்பரர்.

ஏகாம்பரர் ஆசாரத்தில் நெருப்பு. எந்த வீட்டிலாவது வெங்காயம் வதங்கினால் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போவார். அவர் சொன்னார்: "மகாராஜா, குளியலும் விரதமும் முறையாக இருந்தால் ஜனங்களுக்குப் புத்தி தானாக வந்துவிடும். தப்பு செய்யவே மாட்டார்கள். பிறகு காவலர்கள் எதற்கு?"

ராஜாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அவரையே நியமாதிகாரி ஆக்கினார். காவலர்களை வீட்டுக்கு அனுப்பினார். எந்தக் காலை முதலில் வைத்து வாசல் தாண்டுவது, எந்தத் திசை பார்த்துப் பல் துலக்குவது, எல்லாவற்றுக்கும் நியமம் வந்தது. கடைத்தெரு வியாபாரிகள் விடியற்காலையில் முழுகிவிட்டு ஈரவேட்டியோடு கடை திறந்தார்கள். தராசுத் தட்டை விரலால் அழுத்துவதை மட்டும் விடவில்லை. விரல் சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படியிருக்கும்போது, ஏழை யாத்ரீகர்களுக்குச் சோறு போடும் அரசாங்கச் சத்திரத்தில் நெய்ப் பானைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நடந்து களைத்து வந்தவர்கள் வெறும் சோற்றை விழுங்கிவிட்டுப் போனார்கள். விசாரணை ஏகாம்பரர் கைக்கே வந்தது. அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சத்திரத்தில் பானை கழுவி நெய் ஊற்றி வைக்கும் பூவாயியைச் சபைக்கு இழுத்து வந்து நிறுத்தினார்.

"மகாராஜா, சத்திரத்தில் நியமம் இல்லாதவள் இவள் ஒருத்திதான். விரதம் கிடையாது. வீட்டில் கருவாடு சுடுகிறாள். திருட வேறு யார் இருக்கிறார்கள்? இன்றே எல்லை தாண்டித் துரத்திவிட வேண்டும்."

பூவாயி புருஷனை இழந்தவள். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்று இரண்டு பிள்ளைகள். "கருவாடு தின்னது நெசம் மகாராசா. நெய்யத் தொடலீங்க. இதுகளக் கூட்டிக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?" என்று அழுதாள்.

சபையில் குழந்தையப்பர் என்றொரு விகடர் இருந்தார். வாய் சும்மா இருக்காது. அவர் எழுந்தார்.

"மன்னா, நெய் இருந்த அறைச் சாவி யாரிடம்?"

"ஏகாம்பரரிடம். இது என்ன கேள்வி? ஏகாதசிக்குத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷரைச் சந்தேகப்படுகிறீரா?"

"சிவசிவா, நான் ஏன் சந்தேகப்படுகிறேன்? எனக்கு வேறு கவலை. இவள் திருடிய நெய்யை ஊருக்குள் விற்றுத்தானே இருப்பாள்? யாராவது ஆசாரசீலர் தெரியாமல் வாங்கிச் சாப்பிட்டிருந்தால் என்ன கதி?"

"நெய்தானே, சாப்பிட்டால் என்ன?"

"நெய் நல்ல நெய்தான் மன்னா. பானைதான் சரியில்லை. சத்திரத்துப் பானைகள் உடைந்துபோனதால் இவள் தன் வீட்டுப் பானைகளில் ஊற்றி வைத்திருக்கிறாள். அத்தனையும் கருவாடு போட்டு வைத்த பானை. காணாமல் போனது முழுக்க அந்தப் பானைகள்தான். ஊரில் தண்டோரா போட்டு எச்சரிக்க வேண்டாமா?"

பூவாயி திகைத்துப்போய் வாயைத் திறந்தாள். "நீ சும்மா இரு" என்று குழந்தையப்பர் அதட்டினார்.

அதற்குள் ஏகாம்பரரின் முகம் வெளிறிவிட்டது. தொண்டையைப் பிடித்துக்கொண்டார். தூணோரம் ஓடினார். குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தார்.

"அடி பாவி, கருவாட்டுப் பானையா? ஒரு மாதமாகத் தினமும் உருக்கி ஊற்றிச் சாப்பிட்டேனே. பஞ்சகவ்யம் கொண்டு வாருங்கள். கங்கா தீர்த்தம் கொண்டு வாருங்கள். என் ஆசாரம் போயிற்றே" என்று அலறினார்.

தான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. தீர்த்தத்துக்குத்தான் தவித்துக்கொண்டிருந்தார்.

ராஜாவுக்கு ரத்தம் கொதித்தது. பிடித்துக் கட்டச் சொன்னார். காவலர்கள்தான் இல்லையே, அரண்மனைச் சமையல்காரர்கள் இருவர் வந்து பிடித்துக்கொண்டார்கள். ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கினார். ஏகாம்பரரின் மடியிலிருந்த சாவியை எடுத்துப் பூவாயியிடம் நீட்டினார்.

"அம்மா, தப்பு என்னுடையது. இனி அந்த அறைக்கு நீதான் பொறுப்பு."

பூவாயி சாவியை வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் மனசு ஆறவில்லை. "அதிருக்கட்டுங்க மகாராசா. நம்ம பானையில கருவாடு பட்டதே இல்லீங்க. சத்திரத்துப் பானை ஒண்ணுகூட ஒடையல. அத்தனையும் தேச்சுக் கழுவிக் காயவச்ச பானை. இந்த ஐயா ஏன் இப்பிடிச் சொல்றாரு?"

ஏகாம்பரர் சட்டென்று தலையைத் தூக்கினார்.

"நிஜமாகவா? கருவாடு படவே இல்லையா?"

"பிள்ளைக மேல சத்தியமா இல்லீங்க."

"அப்பாடா" என்று ஏகாம்பரர் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. "பகவான் காப்பாற்றினான். என் ஆசாரம் தப்பித்தது."

ராஜா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துக் குழந்தையப்பருக்குப் போர்த்தினார்.

"குழந்தையப்பரே, இதுதான் எனக்குப் புரியவில்லை. பானையிலும் குற்றமில்லை, நெய்யிலும் குற்றமில்லை. அப்புறம் இந்த மனுஷர் வயிற்றுக்கு என்னதான் ஆயிற்று?"

"வயிறு நல்ல வயிறுதான் மன்னா. ஏழை வாயிலிருந்து பிடுங்கிய நெய்யை ஒரு மாதமாகச் செரித்த வயிறு. கருவாட்டின் பேரைத்தான் அதற்குச் செரிக்கத் தெரியவில்லை."