ஒன்னாம் நம்பர்

ரெஜினா மரத்தடி குரு இல்ல. முப்பது வயசு, ஏசி ரூமுல ஸ்வெட்டர் போட்டு உக்காந்து, ஒரு பஸ் கம்பெனியோட சர்வரப் பாத்துக்கிற பொம்பள. சிஷ்யர் பொன்னுரங்கத்துக்கு அம்பது தாண்டியாச்சு. டிக்கெட் செக்கரா இருந்தவர். முட்டி தேஞ்சதும் கம்ப்யூட்டர் கத்துக்கச் சொல்லி ரெஜினாகிட்ட அனுப்பிட்டாங்க. முட்டிதான் போச்சு, சந்தேகம் போகல. டீ கிளாஸக் கூட டிக்கெட் எடுக்காம ஏறுன மாதிரிதான் பாப்பாரு.

ஒரு நாள் கதவச் சாத்திட்டு, கொரலத் தாழ்த்துனாரு.

“மேடம், நம்ம புக்கிங் புரோகிராம எவனோ கொல்றான்.”

“எப்பண்ணே?”

“கரண்ட் போயி சர்வர் மறுபடி எந்திரிக்கும்போதெல்லாம். அப்புறமா நான் கையால கெளப்புனா ஜம்முன்னு ஓடுது. தானா கெளம்பும்போது மட்டும் செத்துக் கெடக்கு. பக்கத்து சீட்டு வேதமுத்துதான். அவன் சிரிப்பே சரியில்ல.”

“வேதமுத்து லீவுல ஊருக்குப் போயிருக்காப்லயே.”

“அதான் மேடம். தப்பு பண்ணாதவன் எதுக்கு லீவு போடுறான்?”

மறுநாள் மொதலாளி போன் பண்ணுவாரு, ஆளு யாருன்னு கேப்பாரு. பேரச் சொன்னா வேதமுத்துக்கு வேல போச்சு. அது ரெண்டு பேருக்கும் தெரியும்.

“சர்வர் எந்திரிச்சதும் ஒவ்வொன்னா எழுப்பி விடுறதுக்கு வரிசையா ஸ்கிரிப்ட் இருக்குல்ல. அதுல புக்கிங்குக்கு என்ன நம்பர் போட்டீங்க?”

“ஒன்னு.” மீசையத் தடவிக்கிட்டாரு. “சின்ன நம்பர்தான் மொதல்ல கெளம்பும்னு நீங்கதான சொன்னீங்க. பின்னாடி விட்டா மத்தவன் எடத்தப் புடிச்சுக்குவான்.”

“எந்திரிச்சதும் புக்கிங் யாரத் தேடும்?”

“டேட்டாபேஸ. சீட்டு வெவரமெல்லாம் அங்கதான இருக்கு. அது கெடைக்கலன்னா இதுக்கு என்ன வேல.”

“அதுக்கு என்ன நம்பர்?”

“அறுபதோ என்னவோ. அவன் நம்பர் எனக்கு எதுக்கு? நீங்க பேச்ச மாத்துறீங்க மேடம். வேதமுத்து உங்களுக்குச் சொந்தமா?”

ரெஜினா சிரிக்கல.

“நாளைக்கு எல்லாருக்கும் முன்னாடி ஆபீசுக்கு வாங்க. வாட்ச்மேனுக்கும் முன்னாடி. வந்து என்னயப் பாருங்க.”

இதுல என்ன சூதோன்னு யோசிச்சுக்கிட்டே, விடியுறதுக்குள்ள வந்து நின்னாரு. கேட்டுல பூட்டு. தட்டுனாரு. மேடம், மேடம்னு கூப்புட்டாரு. எதுத்த டீக்கடை கூட தொறக்கல. ஒரு நாயி மட்டும் அவர ஏற எறங்கப் பாத்துச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு.

பத்து மணிக்குத் திரும்பி வந்தப்ப மூஞ்சி உர்ருன்னு இருந்துச்சு.

“காலைல வந்தீங்களாண்ணே?”

“வந்தேன். போயிட்டேன்.”

“யாரு தொரத்துனது? வேதமுத்தா?”

“அவன் எங்க இருந்தான்? அங்க ஒருத்தருமே இல்ல. ஆளே வராத நேரத்துக்கு வரச் சொன்னா கதவ யாரு தொறப்பா? வந்தவன் திரும்பித்தான் போவான். தப்பு, வரச் சொன்னவங்க மேல.”

ரெஜினா தலையாட்டுனா. அவ முன்னாடி ஸ்கிரீன்ல ஸ்கிரிப்ட் வரிசை தொறந்து கெடந்துச்சு. எல்லாத்துக்கும் உச்சில, ஒன்னாம் நம்பர்ல, பொன்னுரங்கம் வச்ச புக்கிங். டேட்டாபேஸ் எங்கயோ கீழ, அறுபதுல.

போன் அடிச்சுது. எடுத்து அவர் பக்கமா நீட்டுனா.

“மொதலாளிதான். இப்ப சொன்னத அப்படியே சொல்லுங்கண்ணே.”