ஆளில்லாமல் சுடும் நாற்காலி

ஓசூரில் லேத் பட்டறை வைத்திருந்த பூங்காவனம், ஆளில்லாமல் பறக்கும் வேவு விமானம் செய்ய அரசு நிதி கேட்டு, ராணுவ நிதி அலுவலகத்துக்கு மூன்று வருடமாகச் செருப்புத் தேய அலைந்தாள். எப்போது போனாலும் இயக்குநர் ரங்கபாஷ்யம் சீட்டில் இருக்கமாட்டார். தளபதி பார்வையிட வந்த அன்றைக்குத்தான் வாசலில் அகப்பட்டார்.

தளபதி கேட்கட்டும் என்று ரங்கபாஷ்யம் மிடுக்காகச் சொன்னார்: “ஆளே இல்லாம மூணு வருஷம் ஓடின ஆயுதம் ஒன்னைக் காட்டு. அப்புறம் நிதி தர்றேன்.”

“நிதி வந்தாத்தானேங்க செய்ய முடியும்?”

“அது உன் பாடு.”

“அப்படின்னா ஒன்னு இருக்குதுங்க. மாடியிலேயே இருக்குது.”

தளபதியை அழைத்துப்போய் இயக்குநரின் அறைக் கதவைத் திறந்தாள். விளக்கு எரிந்தது, ஏசி ஓடியது, நாற்காலியில் ஒரு கோட்டு மட்டும் தொங்கியது.

“மூணு வருஷமா ஆளில்லாமத்தான் ஓடுதுங்க.”

ரங்கபாஷ்யம் சீறினார். “இது ஆயுதமா? யாரை அடிச்சுது?”

“இந்த மாடி ஏறின விண்ணப்பம் ஒன்னுகூட உயிரோட இறங்கினதில்லீங்க.”

தளபதி அங்கேயே பூங்காவனத்துக்கு நிதி ஒதுக்கினார். நாற்காலியை எல்லைக்கு அனுப்பச் சொன்னார்.

“நானும் போகணுமா சார்?” ரங்கபாஷ்யம் அவசரமாகக் கேட்டார்.

“நீங்க எதுக்கு? அதுதான் ஆளில்லாமலே நல்லா வேலை செய்யுதே.”